திருப்தியா இருக்கீங்களா என்று கேட்கிறவர்களுக்கு

போன மாசம் எங்கள் பிளாக்குக்கு ஒரு கல்லூரி மாணவி வந்தாள். சமூகப்பணி படிக்கிற பெண். கையில் அச்சடித்த கேள்வித்தாள், மொத்தம் நாற்பது கேள்வி. நகரத்தின் நடுவே நெருக்கியடித்துக் குடியிருப்பவர்கள் எந்த அளவுக்குத் திருப்தியாக இருக்கிறார்கள், அந்தத் திருப்தி எதனால் வருகிறது என்பதுதான் ஆய்வு. ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு எண் சொல்ல வேண்டும். ஒன்று என்றால் கொஞ்சமும் திருப்தியில்லை, ஐந்து என்றால் முழுத் திருப்தி.

எங்கம்மாவுக்கு எழுபத்திரண்டு வயசு. முட்டி தேய்ந்துபோய், மூணாவது மாடி ஏற இருபது நிமிஷம் ஆகிறது. சமையல்கட்டுக் கூரையில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. இதெல்லாம் அந்தப் பெண்ணின் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. அம்மா எல்லாக் கேள்விக்கும் அஞ்சு போடச் சொல்லுச்சு. அந்தப் பெண்ணுக்கே சங்கடமாகிவிட்டது. "ஆயா, நல்லா யோசிச்சு சொல்லுங்க" என்றாள். "யோசிச்சுதான் கண்ணு சொல்றேன், அஞ்சே போடு" என்று டீயைக் கொடுத்து அனுப்பி வைத்தது.

எனக்குக் கோபம். அந்தப் பெண் படியிறங்கியதும் கேட்டேன்.

"எம்மா, கூரை பேந்து தலையில உழுது, அதுக்குமா அஞ்சு?"

"இங்க இருக்க புடிச்சிருக்கான்னு கேட்டுச்சு. புடிச்சிருக்குன்னேன்."

"கூரையும் தனியா கேட்டாளேம்மா."

"கூரை சரியில்லன்னு சொன்னா இன்னா பண்ணுவான்? கூரைய மாத்துவானா? உன்ன மாத்துவான். உங்க சின்னம்மாவ மாத்துனா மாதிரி."

நான் வாயடைத்துப் போனேன். இருபது வருசமாக இந்த பிளாக்கில் இரவுப் பாடசாலை நடத்துகிறேன். மேடை கிடைத்த இடத்திலெல்லாம் நில உரிமை பற்றிப் பேசியிருக்கிறேன். இந்த விஷயத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல எனக்கு வந்ததில்லை. எழுதப் படிக்கத் தெரியாத எங்கம்மா அந்தக் கேள்வித்தாளை என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறது. திருப்தி என்று சொன்னால், ஜனங்கள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள், செப்பனிட அவசரமில்லை என்று எழுதுவார்கள். திருப்தியில்லை என்று சொன்னால், பாவம் நரகத்தில் கிடக்கிறார்கள், அப்புறப்படுத்துவதுதான் மனிதாபிமானம் என்று எழுதுவார்கள். ஒன்று சொன்னாலும் அஞ்சு சொன்னாலும் இழப்பு நமக்கு.

எங்கள் ஏரியா பெயரை எழுதவில்லை. எழுதினால் இங்கே இருப்பவர்களுக்குத்தான் தொந்தரவு. சென்னையின் நடுவில், சென்ட்ரலுக்கு நடந்து போகிற தூரத்தில், தரையும் மூன்று மாடியுமாக நிற்கிற பழைய குடியிருப்பு என்பது போதும். இப்படி நூற்றுக்கணக்கான பிளாக்குகள் நகரத்துக்குள் இருக்கின்றன. தோழர்களில் பலர் அதில் பிறந்தவர்கள்தான், சிலர் அதை வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

முதலில் நெரிசல் என்கிற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சென்னையில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர். அது நகரம் முழுவதற்குமான சராசரி. போட் கிளப்பும் புளியந்தோப்பும் சேர்த்துப் போட்ட கணக்கு. நெரிசல் என்றதும் எல்லோர் மனசிலும் வருவது சேரியும் போர்டு வீடும்தான். சௌகார்பேட்டை ஏன் வருவதில்லை? மின்ட் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். கீழே கடை, மேலே வீடு, அதற்கு மேலே இன்னொரு வீடு, எதிர்வீட்டு ஜன்னலைக் கைநீட்டித் தொடலாம். ரெண்டு சக்கர வண்டி போக முடியாத சந்து. அங்கே கோடிக்கணக்கில் வியாபாரம் செய்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள். கடை பக்கத்தில், கோயில் பக்கத்தில், சொந்தபந்தம் பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். அதே காரணத்தை நாங்கள் சொன்னால் ஆக்கிரமிப்பு. அவர்கள் நெருக்கத்துக்குப் பெயர் பாரம்பரியம், எங்கள் நெருக்கத்துக்குப் பெயர் சுகாதாரக் கேடு. அடர்த்தியை அளக்கிற கோலுக்கும் சாதி இருக்கிறது.

அடர்த்தி வேறு, அடைசல் வேறு என்பதை அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961லேயே தெளிவாகப் பிரித்துக் காட்டினார். ஒரு ஏக்கரில் எத்தனை வீடு என்பது அடர்த்தி. ஒரு அறையில் எத்தனை பேர் என்பது அடைசல். முதலாவது நகரத்துக்கு உயிர், இரண்டாவது மனுசனுக்குக் கேடு. இந்த வித்தியாசத்தை நம் சட்டம் மதிக்கவில்லை. 1971ஆம் ஆண்டுத் தமிழ்நாடு குடிசைப்பகுதிச் சட்டம் ஒரு இடத்தைக் குடிசைப்பகுதி என்று அறிவிக்க என்னென்ன காரணம் சொல்கிறது பாருங்கள்: சிதிலம், நெரிசல், குறுகிய தெரு, காற்று வெளிச்சமின்மை, சுகாதார வசதியின்மை. எல்லாம் கட்டடத்தையும் தெருவையும் பற்றிய குறைகள். அங்கே வாழ்கிறவர்கள் எதனால் அங்கே வாழ்கிறார்கள் என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

ஆனால் அந்தக் காலத்து நோக்கம் முழுக்க மோசம் என்றும் சொல்லமாட்டேன். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, இருந்த இடத்திலேயே அடுக்கு கட்டித் தருவது என்பதுதான் பேச்சு. நொச்சிக்குப்பத்தில் கடற்கரையை ஒட்டியே கட்டினார்கள். 1971இல் 1,202 குடிசைப்பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1977இல் உலக வங்கிப் பணம் வந்தபோதுகூட பல இடங்களில் குடிசைகளை அங்கேயே வைத்து, தெரு, தண்ணீர், விளக்கு கொடுத்து மேம்படுத்துகிற வேலை நடந்தது. 1985இல் இன்னும் 17 இடங்களை அறிவித்தார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு அறிவிப்பே இல்லை. புதுக் குடிசைகள் வராமலா போய்விட்டன? வந்தன. சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாமல் வந்தன. தெரியாதவர்களை அகற்றுவது சுலபம். 2000 வாக்கில் கண்ணகி நகர் வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கு மேல் வீடுகள். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்து ஜனங்களை அள்ளி இருபது, இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் கொட்டினார்கள். ஊருக்கு வெளியே சேரி என்பது கிராமத்தில்தானே பார்த்திருக்கிறோம்? மாநகரமும் தனக்கு வெளியே ஒரு சேரி கட்டிக்கொண்டது. வாரியத்துக்கு 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று அழகான பேர் வைத்தார்கள். வாழ்விடம் என்றால் என்ன என்பதுதான் இங்கே கேள்வி.

எங்கம்மா அஞ்சு போட்டதற்கு அர்த்தம் அங்கேதான் இருக்கிறது. எங்கள் வீடு சுமார் 200 சதுர அடி. அந்த 200 சதுர அடிக்காக யாரும் அஞ்சு போடமாட்டார்கள். எங்கள் வீடு மாடிப்படியைத் தாண்டி, தெருவைத் தாண்டி, மார்க்கெட் வரைக்கும் போகிறது.

காலையில் அஞ்சு மணிக்கு அம்மா சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டுக்கு நடந்து போய் மீன் எடுக்கும். ஏழு மணிக்குக் கூடை காலி பண்ணிவிட்டு, எங்களைப் பள்ளிக்கூடம் அனுப்ப வீட்டில் இருக்கும். நடுவில் அடுப்பில் உலை வைத்துவிட்டுப் போனால் பக்கத்து வீட்டு அத்தை இறக்கி வைக்கும். அப்பா கொத்தவால்சாவடியில் மூட்டை தூக்கியது. நடைதான். 1996இல் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. அதன் பிறகு அப்பா ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்பணும், போக வர வண்டிச் செலவு, திரும்பி வந்தால் தூங்க நேரமில்லை. அதே மூட்டைதான், அதே முதுகுதான். தூரம் மட்டும்தான் கூடியது. ரெண்டு வருசத்தில் ஆள் பாதியாகிவிட்டது. தூரம் என்பது எங்களுக்கு பூகோளப் பாடம் கிடையாது. அது கூலியில் பிடித்தம், தூக்கத்தில் பிடித்தம்.

அப்புறம் கடன். மாடிப்படி ஓரத்தில் இட்லி சுடுகிற ஆயாவிடம் கணக்கு உண்டு, கடையில் கணக்கு உண்டு, சீட்டுப் பிடிக்கிற அக்காவிடம் அவசரத்துக்கு வாங்கலாம். எதற்கும் அத்தாட்சி கிடையாது. முப்பது வருசமாக அந்த முகத்தைப் பார்க்கிறோம் என்பதுதான் அத்தாட்சி. பேங்குக்காரன் எங்களுக்குத் தராததை இந்த நெருக்கம் தருகிறது. தண்டல்காரனும் இருக்கிறான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தண்டல்காரனிடம் போவதற்கு முன்னால் தட்ட நாலு கதவு இருக்கிறது.

பிள்ளைகளை வளர்த்ததும் படிக்கட்டுதான். ஒரு பிளாக்கில் நாற்பத்தெட்டு வீடு. எந்தப் பிள்ளை எந்த வீட்டில் சாப்பிட்டது என்று ராத்திரி விசாரித்துத்தான் தெரிந்துகொள்வோம். பெண்பிள்ளை எட்டு மணிக்கு டியூஷன் முடிந்து வந்தால் வழிநெடுக யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அதே கண்கள்தான் அவள் யாரோடு பேசினாள் என்பதையும் பார்க்கின்றன, அதற்குப் பின்னால் வருகிறேன்.

சாவையும் சொல்ல வேண்டும். எங்கப்பா செத்த ராத்திரி நான் யாரையும் கூப்பிடவில்லை. அம்மாவின் அழுகைச் சத்தம் கேட்டு வந்துவிட்டார்கள். பாடை கட்ட, மேளம் சொல்ல, சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்ல, எதற்கும் நான் வாய் திறக்கவில்லை. அந்த மூன்று மாடியிலிருந்து குறுகலான படியில் அப்பாவை எப்படி இறக்குவது என்பது எங்கள் பையன்களுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. எத்தனை பேரை இறக்கியவர்கள்.

இப்போது சின்னம்மா கதை. அது கால்வாய்க் கரையில் இருந்தது. அப்புறப்படுத்தி நகரத்துக்கு வெளியே ஒரு மறுகுடியமர்வுப் பகுதியில் ஏழாவது மாடி கொடுத்தார்கள். எங்கள் வீட்டைவிடப் பெரியது. தனிச் சமையல்கட்டு, வீட்டுக்குள்ளேயே கக்கூஸ், காற்று வருகிறது, வெளிச்சம் வருகிறது. அந்த மாணவி கேள்வித்தாளோடு போயிருந்தால் வீட்டைப் பற்றிய கேள்விக்கெல்லாம் நியாயமாகவே நாலு, அஞ்சு விழுந்திருக்கும். சின்னம்மா மூன்று வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தது. இப்போது ஒரு வீடுதான். காலை ஆறு மணிக்கு வாசல் தெளிக்க வேண்டிய வீட்டுக்கு எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தால் யார் வைத்துக்கொள்வார்கள்? 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் காசு மிச்சமானது, நேரம் மிச்சமாகவில்லை. வீடுகளைக் குலுக்கல் போட்டுக் கொடுத்ததால், கரையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் வேறுவேறு பிளாக்கில், வேறுவேறு மாடியில். எதிர்வீட்டுக்காரர் எந்த ஊர், என்ன பேர் தெரியாது. சித்தப்பா இறந்தபோது சின்னம்மா எனக்குப் போன் பண்ணுச்சு. "பாப்பா, தூக்க ஆளில்லடி, நம்ம பசங்கள அனுப்பு" என்று. இங்கேயிருந்து வேன் பிடித்துப் பையன்கள் போனார்கள்.

படிக்கிற தோழர்களுக்காக ஒரு விஷயம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தின் நடுவில் வெஸ்ட் எண்ட் என்று ஒரு பழைய குடியிருப்புப் பகுதி. பெரும்பாலும் இத்தாலியக் குடியேறிகள், யூதர்கள், போலந்துக்காரர்கள், உழைக்கிற ஜனங்கள். நெருக்கமான அடுக்கு வீடுகள். 1950களின் கடைசியில் அதைக் குடிசைப்பகுதி என்று முத்திரை குத்தி இடித்துத் தள்ளினார்கள். மார்க் ஃப்ரீட் என்ற உளவியலாளரும் பெக்கி க்ளைச்சரும் அந்த ஜனங்களிடம் கேட்டு 1961இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குடிசைப்பகுதியில் திருப்தி எங்கிருந்து வருகிறது என்பதுதான் அதன் பொருள். பெரும்பான்மையோர் அந்த இடத்தை விரும்பினார்கள். உறவுகள், அண்டை அயல், வீட்டுக்கு வெளியே நீளும் தெருவாழ்க்கை ஆகியவைதான் காரணம். இடித்த பிறகு அவர்கள் பட்ட வேதனையை, செத்தவருக்குப் படுகிற துக்கத்துக்குச் சமமாக ஃப்ரீட் பிறகு எழுதினார். வெள்ளையர்களுக்கே இந்தக் கதி என்றால் கறுப்பர்களுக்கு? நகர்ப் புதுப்பிப்பு என்றால் கறுப்பர்களை அகற்றுவது என்றுதான் பொருள் என ஜேம்ஸ் பால்ட்வின் 1963இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் சொன்னார். கூவம் சீரமைப்பு, எழில்மிகு சென்னை என்றெல்லாம் இங்கே கேட்கும்போது எனக்கு அந்த வாசகம்தான் ஞாபகம் வரும்.

ஆக, அறுபது வருசத்துக்கு முன்பே தெரிந்த விஷயம் இது. தெரியாமல் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நாம் மனு எழுத வேண்டியதில்லை.

நெருக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அதை எந்தக் கேள்வித்தாளும் கேட்காது. பம்பாயில் வொர்லி பி.டி.டி. சால்கள் 1920களில் கட்டப்பட்ட ஒற்றையறைக் குடியிருப்புகள். 1972இல் தலித் பேந்தர்கள் எழுந்தது அந்த மாதிரிச் சால்களிலிருந்தும் காமாட்டிபுரா போன்ற தெருக்களிலிருந்தும்தான். 1974 ஜனவரியில் வொர்லியில் தாக்குதல் நடந்தபோது சால்களிலிருந்தே எதிர்த்து நின்றார்கள். இங்கே 2025 ஆகஸ்டில், இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து தூய்மைத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் நம்மவர்கள். இவர்களையெல்லாம் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் நாலு திசையில் சிதறடித்துவிட்டால் ரிப்பன் மாளிகை வாசலில் யார் வந்து உட்காருவது? நகரத்தின் நடுவே நாம் கூட்டமாக இருப்பது ஒரு பலம். அது நமக்குத் தெரிகிற அளவுக்கு அவர்களுக்கும் தெரியும்.

இப்போது நான் சொல்லப்போவது சில தோழர்களுக்குப் பிடிக்காது.

சேரி வாழ்க்கையைப் பாட்டும் பறையுமாக மட்டும் காட்டுகிற எழுத்து நம்மிடம் பெருகிவிட்டது. அதை எழுதுகிறவர்களில் பாதிப் பேர் இப்போது அங்கே குடியிருக்கவில்லை. நான் குடியிருக்கிறேன். கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்குள்ளேயேதான் குடித்தனம் நடத்தினேன். அம்மா, அப்பா, தம்பி, நான், என் புருசன், பிறகு ரெண்டு பிள்ளைகள். 200 சதுர அடியில் ஏழு பேர். புடவையைத் திரையாகக் கட்டி அந்தப் பக்கம் நாங்கள். அப்பாவும் தம்பியும் வெராண்டாவில். மழைக்காலத்தில் அவர்களும் உள்ளே. புருசன் பொண்டாட்டி பேசிக்கொள்ளக்கூட இடமில்லாத வாழ்க்கையை யாராவது திருப்தி என்று சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். மாதவிலக்குத் துணியை எங்கே காயவைப்பது என்பது பத்து வருசம் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. என் மகள் பத்தாம் வகுப்பு படித்தது படிக்கட்டு விளக்கில். அவள் நிறைய மார்க் வாங்கினாள் என்பதற்காக அந்தப் படிக்கட்டைப் புகழமாட்டேன்.

அதே மாதிரி அந்தக் கண்கள். பெண்பிள்ளையைக் காப்பாற்றுகிற கண்கள்தான் அவள் வேறு சாதிப் பையனோடு பேசினால் ஊரைக் கூட்டுகின்றன. புருசன் அடிக்கிற சத்தம் நாற்பத்தெட்டு வீட்டுக்கும் கேட்கும். சாவுச் சத்தம் கேட்டால் உடனே வருகிறவர்கள் அந்தச் சத்தத்துக்கு வரமாட்டார்கள், அது குடும்ப விஷயமாம். நமக்குள்ளும் உட்சாதி இருக்கிறது, யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பது என்கிற பேச்சு ஒழிந்துவிடவில்லை. சந்தேகக் கேஸ் என்று ராத்திரி ஜீப் வந்தால் முதலில் நிற்பது எங்கள் பிளாக் முன்னால்தான். முகவரியை எழுதியதுமே வேலை தராத முதலாளிகள் இருக்கிறார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு, நெருக்கத்தில் என்ன சந்தோஷம் பார் என்று எழுதுவது ஒருவகை ஏமாற்று.

திருப்தி என்கிற சொல்லே நமக்கு ஆபத்தானது. இருப்பது போதும் என்று நம்மை நினைக்க வைத்ததுதானே சாதியின் வேலை? கிடைத்ததை வைத்துக் கும்பிட்டுக்கொள் என்கிற பாடத்தை ஆயிரக்கணக்கான வருசமாகக் கற்றுக்கொண்ட ஜனங்களிடம் போய், ஒன்றிலிருந்து ஐந்து வரை எவ்வளவு திருப்தி என்று கேட்டால் என்ன பதில் வரும்? வேறு எதையும் பார்த்திராதவளுக்கு அளவுகோல் எங்கேயிருந்து வரும்?

அம்பேத்கரை நினைத்துப் பாருங்கள். கிராமம் என்பது அறியாமையின், வகுப்புவாதத்தின் கூடாரம் என்பதை 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் முகத்துக்கு நேராகச் சொன்னவர் அவர். அவர் வாழ்ந்தது நகரம். பம்பாய் பரேலில் மில் தொழிலாளர்கள் நிறைந்த ஒரு சாலில், 1912 முதல் இருபதாண்டுகளுக்கு மேல் அவர் குடும்பம் இருந்தது. கொலம்பியாவும் லண்டனும் படித்துத் திரும்பியதும் அங்கேதான். மகத் போராட்டம் நடந்த 1927இலும் அங்கேதான். பிறகு என்ன செய்தார்? புத்தகங்களுக்கு இடம் வேண்டும் என்று ராஜ்கிருகத்தைக் கட்டிக்கொண்டு போனார். எங்கே? தாதரில். பரேலுக்குப் பக்கத்தில், அதே நகரத்தின் நடுவில். அறை போதவில்லை என்பதற்காக நகரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. நகரத்தை விட முடியாது என்பதற்காக அறையைச் சகித்துக்கொண்டே இருக்கவும் இல்லை.

எனக்கு வேண்டியதும் அதுதான். இடம் இதே இடம். அறை பெரிசு.

முடியாத காரியமா? சிங்கப்பூரில் 1960இல் வீடமைப்பு வாரியம் தொடங்கினார்கள். இன்று அங்கே வசிப்பவர்களில் முக்கால்வாசிக்கும் மேல் அந்த வாரிய அடுக்குமாடிகளில்தான் இருக்கிறார்கள். நம்முடையதைவிடப் பல மடங்கு உயரம். போர்டு வீட்டுக்காரன் என்று அங்கே யாரும் யாரையும் கேவலமாகப் பார்ப்பதில்லை, எல்லோருமே போர்டு வீட்டுக்காரர்கள். பல அடுக்குகளில் தரைத்தளத்தை வீடு கட்டாமல் வெறுமையாக விட்டிருக்கிறார்கள். மலாய்க்காரர் கல்யாணமும் சீனர் சாவுச் சடங்கும் அங்கேதான் நடக்கும், கிழவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் மாடிப்படிக் கீழ்வெளி எதற்குப் பயன்படுகிறதோ அதையே திட்டம் போட்டுச் செய்திருக்கிறார்கள். அந்த ஆட்சியின் அடக்குமுறைகளை நான் மறக்கவில்லை. லிஃப்ட் ஓடுகிறது என்பதையும் மறக்கமுடியவில்லை.

இங்கே என்ன நடக்கிறது? புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் இருந்த இடத்திலேயே உயரமாகக் கட்டினார்கள். அது சரியான முடிவு. 2021 ஆகஸ்டில் கையால் தொட்டாலே பூச்சு உதிர்ந்தது, ஐ.ஐ.டி. நிபுணர்களை வைத்து ஆய்வு செய்ய வேண்டியதாயிற்று. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தில் கால்வாய்க் கரை வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். பக்கத்திலேயே மந்தைவெளி, மயிலாப்பூரில் வீடு தருவதாக முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். பக்கத்தில் இடம் இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள ஒரு உயிர் போக வேண்டியிருந்தது.

எங்கள் பிளாக்கையும் இடித்துக் கட்டப்போவதாகப் பேச்சு வந்திருக்கிறது. கையெழுத்துக் கேட்டு வருவார்கள். வேண்டாம் என்று சொல்கிற தோழர்கள் இருக்கிறார்கள். காலி பண்ணினால் திரும்ப வர விடமாட்டார்கள் என்கிற பயம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் துருப்பிடித்த கம்பிக்குக் கீழே எங்கம்மாவைப் படுக்க வைத்துக்கொண்டு நான் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். புதுசு என்றதும் மயங்கிவிடுகிறார்கள். ரெண்டும் ஆகாது.

யார் யாருக்கு வீடு என்கிற பட்டியலை, காலி பண்ணுவதற்கு முன்னால் எழுதி, முத்திரை போட்டு, படிக்கட்டுச் சுவரில் ஒட்ட வேண்டும். ஒரே வீட்டில் ரெண்டு, மூணு குடும்பமாக இருப்பவர்கள் கணக்கில் வரவேண்டும். இல்லையென்றால் புது வீட்டிலும் புடவைத் திரைதான். வீடு பெண் பேரில் இருக்க வேண்டும், கிரயப் பத்திரத்தோடு. குலுக்கல் கூடாது, இப்போது ஒரே படிக்கட்டைப் பயன்படுத்துகிறவர்கள் அங்கேயும் ஒரே படிக்கட்டில் இருக்கட்டும். கிழவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் கீழ்வீடு. தரைத்தளத்தில் பாதியைக் காலியாக விட வேண்டும், கார் நிறுத்த அல்ல, இட்லிக் கடைக்கும் இரவுப் பாடசாலைக்கும் சாவுக்கும். லிஃப்ட் நின்றால் எத்தனை மணி நேரத்தில் யார் வந்து சரிசெய்வது, அதற்கு யார் காசு என்பது முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். இடைக்காலத்தில் வெளியே குடியிருக்க அரசு தருகிற தொகை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ஆக உயர்த்தப்பட்டது. கட்டி முடிக்கப் பதினெட்டு மாதம் என்று வைத்துக்கொண்டால் மாசத்துக்கு 1,333 ரூபாய். அந்த வாடகைக்குச் சென்னை நடுவில் என்ன கிடைக்கும்? அதுவும் வீட்டுக்காரர் சாதி கேட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிற ஊரில்? பக்கத்துப் பள்ளிக்கூடம், பக்கத்து வேலை கெடாத தூரத்தில் தற்காலிகக் கூடமாவது அமைக்க வேண்டும்.

இதில் எதுவும் தானாக வராது. பங்குத்தொகை வேறு கேட்பார்கள், அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

அந்த மாணவிக்கு நான் போன் செய்தேன். எங்கம்மா போட்ட அஞ்சுகளை வைத்து எதையும் எழுதிவிடாதே, திரும்ப வா என்றேன். கேள்வித்தாளில் ரெண்டு பத்தி போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். ஒரு பத்தி இடத்துக்கு, இன்னொன்று கட்டடத்துக்கு. முதலாவதில் அஞ்சு, இரண்டாவதில் ஒன்று என்று போட ஆயாக்களுக்கு உரிமை வேண்டும். அவளுடைய பேராசிரியர் ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை என்றாள். முயற்சி செய் என்றேன். நல்ல பெண், வருவாள் என்றுதான் நினைக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன், அந்தப் பொண்ணு திரும்ப வரும், இந்த முறை கூரைக்கு ஒண்ணு போடு, உன்னை யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று.

"யாரு பாத்துப்பீங்க? எத்தினி பேரு?" என்று கேட்டுச்சு.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு மாடிப்படிக்குக் கீழே கூட்டம். சட்டம் படிக்கிற தோழர்கள் ரெண்டு பேராவது வரவேண்டும், கையெழுத்துப் படிவத்தைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். அளக்கிற டேப் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். வீடு வீடாக அளந்து, எத்தனை பேர் என்று எழுதப்போகிறோம். முதல் வீடு எங்களுடையது.